கரியாஹாட் பலகையில் முறிந்த இயற்கை விதி

வந்திருந்தோர்: இயக்குநர் முனைவர் சிவராமகிருஷ்ணன், தலைமை. பேராசிரியர் நிருபம் குஹநியோகி, கண்கள் மூடிய நிலையில். நிர்வாக அதிகாரி குருமூர்த்தி. ஆய்வு மாணவி தேவிப்ரியா. சிற்றுண்டி வழங்க, பெத்துராஜ். குறிப்பெடுக்க, நான். அழைப்பில்லாமல் வந்தது: பாதி தண்ணீருடன் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி.

நாள்: 26 பிப்ரவரி 2001, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. இடம்: கிழக்கு மண்டலத் துகள் அளவீட்டு நிறுவனம், சால்ட் லேக்.

இயற்கையின் விதி ஒன்றை முறித்த பெருமை சாதாரணமாக யாருக்கும் கிடைப்பதில்லை. எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதையும் பூஜை விடுமுறை ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல், பந்த் நாட்களை முறையாக அனுசரித்து, மாலை ஐந்தரைக்கு மேல் யாரையும் உட்கார வைக்காமல் செய்து முடித்தோம். இப்படிப்பட்ட சாதனையைப் பதிவு செய்யும் பேறு எனக்கு வாய்த்தது.

நான் இதே நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் விட்டவன். ஏன் விட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. கணிப்பொறி அறையில் இரவு நாடா மாற்றுகிற வேலை தந்தார்கள். தற்காலிகம் என்றார்கள். எட்டு ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தார்கள். பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் பகலில் கூட்டக் குறிப்பும் என் தலையில் விழுந்தது.

சாதனையை விளக்க வேண்டும். பயான் என்று ஒரு துகள். அதன் ஆயுள் ஒரு விநாடியில் நாலு கோடியில் ஒரு பங்கு. எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் எத்தனை தலைமுறைப் பயான்கள் பிறந்து மடியும் என்பதைக் கணக்கிட எங்களிடம் கருவி இல்லை. வேகம் குறைந்த பயான்களைப் புரோட்டான் மேல் விட்டு, எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று எண்ணுவதுதான் ஆராய்ச்சி. புரோட்டானைத் தனியாக வாங்க முடியாது. ஹைட்ரஜனின் நடுவில் இருப்பது புரோட்டான். பாலித்தீனில் ஹைட்ரஜன் நிறைய உண்டு. ஆகவே ஒரு பாலித்தீன் தகட்டைக் குறியாக நிறுத்தினால் போதும். தகட்டில் எத்தனை ஹைட்ரஜன் இருக்கிறது என்று தெரிந்தால், சிதறியதை அதால் வகுத்து விடை சொல்லலாம். தெரியாவிட்டால் சொல்ல முடியாது. வாசகர் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நிறுவனம் வைத்துக்கொள்ளவில்லை.

பயான் கற்றை சால்ட் லேக்கில் கிடைக்காது. ஐரோப்பாவில் ஒரு மலையடிவார ஊரில் கிடைக்கும். 1997 செப்டம்பரில் அங்கே மூன்று வாரம் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தகடு பம்பாயிலிருந்து வர வேண்டும். ஹவுரா வரைக்கும் வந்தது. ஹவுராவில் சரக்கு இறக்குபவர்கள் வேலைநிறுத்தம். இயக்குநரின் விமானம் புதன்கிழமை.

திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சுந்தர், பாலித்தீன் எங்க கெடைச்சாலும் சரி, ஒண்ணு வாங்கிண்டு வா. வெள்ளையா, தட்டையா இருந்தாப் போதும்."

"எந்தத் தரம் சார்?"

"வெள்ளையா, தட்டையா."

கரியாஹாட் நடைபாதையில் மழை தூறிக்கொண்டிருந்தது. நைட்டி விற்பவனுக்கும் பிரஷர் குக்கர் கேஸ்கெட் விற்பவனுக்கும் நடுவில் காய் நறுக்கும் பலகைகள் வைத்திருந்தான் ஒருவன். வெள்ளையாக, தட்டையாக இருந்தன. பாலித்தீன்தானா என்று கேட்டேன். "ஏக்தம் காட்டி ஜினிஷ், தாதா" என்றான். சுத்த அசல் சரக்கு, அண்ணா என்று பொருள். இந்த ஆராய்ச்சியில் மூலப்பொருளின் தூய்மை பற்றிக் கிடைத்த ஒரே சான்று அதுதான்.

பட்டறையில் பலகையைப் பாதியாக அறுத்தார்கள். ஒரு பாதியை இருபுறமும் சீவி இரண்டு மில்லிமீட்டர் தகடாக்கினார்கள். அது அறிவியலுக்கு. கைப்பிடி ஓட்டையுள்ள மறுபாதியை நான் பெத்துராஜ் அண்ணாச்சியின் ஓட்டலுக்குக் கொடுத்தேன். நிறுவனத்தின் பின்வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் கோவில்பட்டிக்காரர். அது வெங்காயத்துக்கு.

தகட்டை எடை போட வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. நுண்தராசு எங்கள் கட்டடத்திலேயே வேதியியல் பிரிவில் இருந்தது. ஆனால் அந்தப் பிரிவுக்கும் இயக்குநருக்கும் 1991லிருந்து, ஒரு குளிர்சாதனப் பெட்டி தொடர்பாக, பேச்சுவார்த்தை கிடையாது. எனவே தடிமனை மட்டும் அளந்துவிட்டு, அடர்த்தியைப் பாடநூலிலிருந்து எடுத்துக்கொண்டோம். பாடநூல் யாரோடும் சண்டை போடுவதில்லை.

பதிவேட்டில் "பொருள் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கையெழுத்திட ஒருவர் தேவைப்பட்டார். தேவிப்ரியா சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கரக்பூர் ரயில்வே பட்டறைக்காரரின் மகள். வங்காளம் பேசுகிற வேகத்தில் தமிழ் வராது. குருமூர்த்தி அவள் முன் பதிவேட்டை நீட்டினார்.

"எதை சார் சரிபார்த்தேன்?"

"போட்டுட்டுப் பாரும்மா. பெட்டிய மூடணும்."

போட்டாள். இயக்குநர் தகட்டை ஒரு வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பறந்தார்.

மூன்று வார அளவீட்டின் நாடாக்கள் வந்தன. இரவில் நான் ஏற்றி இறக்கினேன், பகலில் தேவிப்ரியா கணக்குப் போட்டாள். சிதறல் மற்ற எல்லாரும் அளந்ததைவிடப் பன்னிரண்டு சதவீதம் குறைவாக வந்தது. பயான்களில் இரண்டு வகை எப்படிச் சிதறுகிறது என்று தெரிந்தால் மூன்றாவதையும் சொல்லிவிடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. எங்கள் எண் அந்த விதிக்குள் அடங்கவில்லை. முதல் வருடம் எங்கள் பிழையைத் தேடினோம். இரண்டாம் வருடம் தேடுவதை நிறுத்தினோம். மூன்றாம் வருடம் ஒரு கமிட்டி கூடி, பிழை எங்களிடம் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மிச்சமிருந்தது இயற்கைதான். "சால்ட் லேக்கில் முறிந்தது இயற்கையின் விதி" என்று ஓர் ஆங்கில நாளிதழ் மூன்றாம் பக்கத்தில் போட்டது. மார்ச் ஐந்தாம் தேதி டெல்லியிலிருந்து ஒரு குழு பாராட்ட வருவதாகக் கடிதம் வந்தது. இயக்குநருக்கு இரண்டாண்டுப் பணி நீட்டிப்பு அந்தக் குழுவின் கையில் இருந்தது.

தேவிப்ரியாவின் ஆய்வேடும் தயார். உதவித்தொகை மார்ச் 31 வரை. அதற்குள் இயக்குநர் கையெழுத்திட்டு ஆய்வேடு போனால் பட்டம். போகாவிட்டால் ஐந்து வருடமும் தண்ணீரில். அவள் அப்பா கரக்பூர் குவார்ட்டர்ஸ் கதவில் மாட்ட "டாக்டர் தேவிப்ரியா" என்று பித்தளைப் பலகையே செய்து வைத்துவிட்டார். பட்டறைக்காரர். அவரே எழுத்து வெட்டினாராம்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம் அவள் பெத்துராஜ் அண்ணாச்சி கடையில் தோசை தின்றுகொண்டிருந்தாள். அடுத்த மேசையில் நான். பாத்திரம் கழுவும் தொட்டியை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பலகை ஏன் அடியில கிடக்கு?"

"அது அப்படித்தாம்மா. நம்ம பழைய பலகை மெதக்கும். ஒங்க ஆபீஸ்ல குடுத்தது முங்கிரும். படிச்சவங்க வாங்குனதுல்லா, கனம் ஜாஸ்தி."

"பாலித்தீன் மூழ்காது அண்ணாச்சி."

"பாலித்தீனா இது? கத்தி ரெண்டு நாள்ல மழுங்குது. பாதிக்குப் பாதி சுண்ணாம்பப் போட்டு அடிச்சிருக்கான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். வங்காள வழக்கில் நான் அவளுக்கு 'தா', அதாவது அண்ணன். "சுந்தர்தா. மானே, அதாவது, மூழ்கவே கூடாது. தண்ணியைவிட லேசு."

"சாப்பிடு, ஆறுது" என்றேன்.

அவள் சாப்பிடவில்லை. அந்தப் பாதியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போய் எரித்துப் பார்த்தாள். எடையில் நூற்றுக்கு முப்பது பங்கு வெள்ளைத் தூளாக மிஞ்சியது. சுண்ணாம்பில் ஹைட்ரஜன் இல்லை. கனமான பொருள் என்பதால் எடையில் முப்பது பங்கானாலும் தகட்டில் அது பிடித்த இடம் பன்னிரண்டு, பதிமூன்று பங்குதான். இருப்பதாக நாங்கள் எண்ணியதைவிடத் தகட்டில் ஹைட்ரஜன் குறைவு. கணக்கைத் திருத்தினாள். பன்னிரண்டு சதவீதமும் காணாமல் போனது. இயற்கையின் விதியில் ஒரு கீறல்கூட இல்லை.

இதை அவள் கடிதமாக எழுதிக் கொடுத்தாள். அதுதான் இருபத்தாறாம் தேதிக் கூட்டத்தின் மூன்றாவது பொருள். முதல் பொருள், சென்ற கூட்டக் குறிப்பை ஏற்பது. இரண்டாவது, டெல்லிக் குழுவுக்கு ரசகுல்லாவா சந்தேஷா என்பது. நாற்பது நிமிடம் ஆனது. முடிவு: இரண்டும். நான்காவது, என் பணியை நிரந்தரமாக்குவது.

மூன்றாவது பொருள் வந்தபோது தேவிப்ரியா வாளியை மேசை மேல் வைத்தாள். பெத்துராஜ் இட்லித் தட்டுகளை நகர்த்தி இடம் கொடுத்தார். அவருடைய பழைய பலகையைப் போட்டாள். மிதந்தது. எங்கள் பலகையின் மறுபாதியைப் போட்டாள். மூழ்கியது. அடியில் தட்டிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை. சத்தத்தைப் பதிவு செய்ய விதி இல்லை.

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வாளிக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கா?"

"வாளிக்கா சார்?"

"கருவின்னா சான்றிதழ் வேணும். ரூல்."

"கருவி இல்லை சார், வாளி."

"அப்ப அத வெச்சு எடுத்தது முடிவு இல்ல. சிம்பிள்."

இயக்குநர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். "சால்ட் லேக் தண்ணில இரும்பு ஜாஸ்தி. அடர்த்தி அளந்தியோ?"

"அளக்கலை சார். இரும்பு இருந்தா தண்ணி கனமாகும், பலகை இன்னும் நல்லா மிதக்கணும்."

"அளக்கலைன்னு ஒத்துக்கறா. எழுதிக்கோ சுந்தர்."

எழுதினேன்.

பேராசிரியர் குஹநியோகி கண் திறக்காமலே ஆங்கிலத்தில் சொன்னார்: மிதந்தது ஒரு பலகை, மூழ்கியது ஒரு பலகை, இரண்டு பலகைகளை வைத்துப் பொதுமுடிவுக்கு வருவது அவசரம். ஆர்க்கிமிடீஸ் செய்ததும் இதுதானே என்றாள் தேவிப்ரியா. ஆர்க்கிமிடீஸ் எந்தக் கமிட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்றார் பேராசிரியர்.

"அப்ப டார்கெட்டையே போடுங்க சார்" என்றாள். "அதோ அலமாரியில இருக்கு. ரெண்டு நிமிஷம்."

எல்லாரும் அலமாரியைப் பார்த்தோம். தகடு கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு வெல்வெட் மேல் இருந்தது. டெல்லிக் குழுவுக்காக முத்திரை வைத்திருந்தார்கள். பேராசிரியர் முதல் முறையாகக் கண் திறந்தார். மூழ்கினால் நமக்குச் சிக்கல், மிதந்தால் முத்திரையை வீணாக உடைத்த சிக்கல், எப்படிப் பார்த்தாலும் சிக்கல் என்றார். மறுபடி மூடிக்கொண்டார். எங்கள் நிறுவனத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் உண்மை பேசி நான் கேட்டதில்லை.

இயக்குநர் மூழ்கிக் கிடந்த துண்டைக் காட்டினார். "சரிம்மா. இந்தத் துண்டும் நம்ம டார்கெட்டும் ஒரே பலகைங்கறதுக்கு என்ன ருசு?"

"சுந்தர்தா வாங்கினாரு. கரியாஹாட்ல. அவரே பாதியை அண்ணாச்சிக்குக் கொடுத்தாரு. இங்கதானே இருக்காரு, கேளுங்க."

என் பேனா நின்றது. இயக்குநர் என்னைப் பார்க்கவில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"குருமூர்த்தி, நாலாவது ஐட்டம் என்ன?"

"சுந்தரோட கன்ஃபர்மேஷன் சார்."

"ம்." நிரலை மேசையில் நேராக வைத்தார். "சொல்லு சுந்தர். நீயா வாங்கினே?"

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நைட்டிக்காரன் மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட்டால் கடையை மூடிக்கொண்டிருந்தது உட்பட.

"ஞாபகம் இல்லை சார்."

பெத்துராஜ் சட்னி வாளியைக் கீழே வைத்தார். "எனக்கு ஞாபகம் இருக்கு சார். இவருதான் கொண்டாந்து குடுத்தாரு. துர்கா பூஜைக்கு முந்தி. அன்னைக்குக் காபிக்குத் துட்டு வேண்டாம்னேன்."

குருமூர்த்தி பொறுமையாகச் சொன்னார்: "நீங்க வெளி ஆள் அண்ணாச்சி. வெளி ஆளோட ஞாபகத்த மினிட்ஸ்ல ஏத்த முடியாது."

"பொறவு எதுக்கு சார் என்னய மினிட்ஸ்ல போட்டிருக்கு?"

"அது சிற்றுண்டிக்கு."

பெத்துராஜ் என்னைப் பார்த்தார். நான் "சிற்றுண்டி" என்ற சொல்லைத் திருத்தமாக மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

தீர்மானம் பின்வருமாறு நிறைவேறியது. தகட்டின் பொருளைச் சரிபார்த்ததாகப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்து ஆய்வு மாணவி தேவிப்ரியாவுடையது. பொருள் தவறென்றால், சரிபார்த்த குற்றம் அவருடையது. பொருள் சரியென்றால், நிறுவனத்தின் மேல் வீண்பழி சுமத்திய குற்றம் அவருடையது. இரு நிலைகளிலும் குற்றம் உறுதியாகிவிட்டபடியால், பொருளை ஆராயத் தேவையில்லை. இந்த வாக்கியங்களைக் கோத்தவன் நான். நன்றாக வந்திருப்பதாக இயக்குநர் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆய்வேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இதப் பாரு. பழைய எண்ணோட இருக்கட்டும். முதல் பக்கத்துல நீ ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. நாளைக்கே யூனிவர்சிட்டிக்குப் போயிடும். நீ டாக்டர். அப்புறம் யாராவது வெளிநாட்டுக்காரன் தப்புன்னு சொல்லிப்பான், அவனுக்கும் வேல வேணுமோல்யோ? லெட்டர வாபஸ் வாங்கிக்கோ."

"வாங்கலைன்னா சார்?"

"குருமூர்த்தி சொல்வார்."

"இன்னியோட ரிலீவ்" என்றார் குருமூர்த்தி. "ரூம் சாவி, டேபிள் சாவி ஒப்படைக்கணும்."

அவள் ஆய்வேட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். தன் பெயரை விரலால் ஒரு தடவை தொட்டாள். பிறகு மூடி வைத்தாள்.

"பார்க்காம ஒரு கையெழுத்து ஏற்கெனவே போட்டேன் சார். போதும்."

"அப்பாகிட்ட என்ன சொல்வே?"

"மூழ்கிடுச்சுன்னு சொல்றேன். பட்டறைல இருக்காரு, அவருக்குப் புரியும்."

நான்காவது பொருள் ஒரு நிமிடத்தில் முடிந்தது. எதிர்ப்பு இல்லை. எட்டு ஆண்டுத் தற்காலிகம் பதினொரு சொற்களில் நிரந்தரமானது. பெத்துராஜ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினார். காபி இன்னும் தரவில்லையே என்றேன். "தீந்து போச்சு" என்றார். கெட்டிலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

இனி நடந்தவை எல்லாம் நிறுவனத்தின் புகழுக்கு உரியவை. டெல்லிக் குழு வந்தது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. குழுத் தலைவர், இவ்வளவு எளிய தகட்டைக் கொண்டா இயற்கையை முறித்தீர்கள் என்று வியந்தார். இயக்குநர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். இரண்டாண்டு நீட்டிப்பு வந்தது. "பொருள் சரிபார்ப்பு நெறிமுறைகள்" குறித்து உரையாற்ற அவரைப் பெங்களூரில் கூப்பிட்டார்கள். மாதிரியாகப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனார். கையெழுத்தை மட்டும் மறைத்திருந்தார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, கூட்டம் முடிந்த அன்றைக்கே, எனக்கு ஒரு சிறு வேலை இருந்தது. நிரந்தர ஊழியனாக என் முதல் கடமை. தேவிப்ரியாவின் அறையைக் காலி செய்வித்துப் பூட்ட வேண்டும். குருமூர்த்தி புதுப் பூட்டும் சாவிப் பதிவேடும் கொடுத்தார்.

அவளிடம் எடுத்துப்போக அதிகம் இல்லை. ஒரு குடை, ஒரு டம்ளர், கணக்கு எழுதிய நான்கு நோட்டுகள். நோட்டுகள் நிறுவனத்தின் சொத்து என்றேன். மேசை மேல் திருப்பி வைத்தாள்.

"சுந்தர்தா, நிஜமாவே ஞாபகம் இல்லையா?"

நடையில் யாரும் இல்லை.

"மழை தூறிக்கிட்டிருந்தது" என்றேன். "கைப்பிடி ஓட்டையில ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தான். நான் கேட்டேன், காட்டி ஜினிஷ்னு சொன்னான்."

"இதை உள்ள சொல்லியிருக்கலாமே."

"உள்ள நான் குறிப்பெடுத்துக்கிட்டிருந்தேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். "அண்ணாச்சி வாளி கூட்ட அறையிலயே இருக்கு, கொடுத்துடுங்க" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாடிப்படி வரை செருப்புச் சத்தம் கேட்டது.

கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவிப் பதிவேட்டில் "பூட்டியது சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் இருந்தது. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அதன் பிறகுதான் கையெழுத்திட்டேன். எங்கள் நிறுவனத்தில் ஒன்றைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.